காப்பி அடிக்கச் சொல்லாத சித்திர வாத்தியார்

"ஒரு சித்திரம் போடு" என்று ஏதாவது ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு மலை போடும். நடுவில் சூரியன். மலையில் இருந்து ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம்.

பத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், எட்டுப் பிள்ளைகள் இதைத்தான் போடும்!

இரண்டு மலைக்கு நடுவே சூரியன் எழுவதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது உண்டா? அநேகமாக இல்லை. யாரோ போட்டதைப் பார்த்துப் போட்டது. அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை போட்டது.

"இது சித்திரம் அல்ல. காப்பி" என்று நினைத்தார் ஒரு வாத்தியார். காந்தியடிகளின் சேவாகிராமத்தில் 18 வருடம் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயர் தேவி பிரசாத்.

அவருடைய கதை, இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மிகவும் வேண்டிய கதை. ஏன் என்று பார்ப்போம்.

பல பாஷை, ஒரே பெஞ்சு

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் ராமானுஜர் அவதரித்த ஊர் என்பார்கள். ஏரியும் நெல் வயலும் நிறைந்த பூமி அது.

1998-ல் பக்கத்திலே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலை வந்தது. ஒன்றின் பின் ஒன்றாகப் பல ஆலைகள் எழுந்தன. கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள், செல்போன் என்று எத்தனையோ பொருள்கள் இங்கே தயாராகின்றன.

ஆலை வந்தால் ஆள் வரவேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களில் இருந்து தொழிலாளிகள் வந்தார்கள். கட்டிட வேலைக்கும் வந்தார்கள். ஆலை வேலைக்கும் வந்தார்கள். சிலர் குடும்பத்தோடு வந்தார்கள்.

குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வரும் அல்லவா?

ஒரு வகுப்பை மனதிலே நினைத்துப் பாருங்கள். ஒரே பெஞ்சிலே நாலு பிள்ளைகள். ஒருவன் வீட்டிலே தமிழ். ஒருத்தி வீட்டிலே ஒடியா. ஒருவன் வீட்டிலே மைதிலி. இன்னொருத்தி வீட்டிலே வங்காளி.

தமிழ்ப் பாடம் வந்தால் மூன்று பேர் விழிப்பார்கள். இந்த வகுப்பில் வாத்தியார் என்ன செய்வார்?

சித்திரப் பாடம் வரட்டும். அங்கே யாரும் விழிக்க வேண்டியது இல்லை. கைக்குப் பாஷை கிடையாது!

ஆனால் அந்தச் சித்திரப் பாடத்திலும், "கரும்பலகையைப் பார்த்துப் போடு" என்று வாத்தியார் சொன்னால் என்ன ஆகும்? நாலு பேரும் அதே இரண்டு மலையைத்தான் போடுவார்கள். நாலு பேரும் கொண்டுவந்த நாலு ஊரும் வாசலிலேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் தேவி பிரசாத் நமக்கு உதவுகிறார்.

சாந்திநிகேதனத்து மாணவர்

தேவி பிரசாத் 1921-ல் டேராடூனில் பிறந்தார். 1938-ல் சித்திரம் படிக்கச் சாந்திநிகேதனத்துக்குப் போனார்.

சாந்திநிகேதனத்தில் கலா பவனம் என்ற கலைப் பள்ளியை 1919-ல் மகாகவி தாகூர் ஏற்படுத்தினார். அதன் தலைமை ஆசிரியர் நந்தலால் போஸ். பிற்காலத்தில் நம் அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதிக்குச் சித்திரம் தீட்டிய குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் இவரே.

அந்தப் பள்ளியில் அஜந்தாச் சித்திரமும் பாடம். சீனத் தூரிகையும் பாடம். பக்கத்துச் சந்தால் கிராமத்தின் மண் சுவரும் பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் ஆச்சரியப்படுவார்கள். தரையில் கோலம் போடுவதும் அங்கே பாடம்! வங்காளத்தில் அதற்கு "அல்பனா" என்று பெயர். வீட்டுப் பெண்கள் விரத நாளில் தரையிலே போடுவது. அதைக் கலைப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார்கள். நந்தலாலின் மகள் கௌரியே அதில் கைதேர்ந்த ஆசிரியை.

1938-ல் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பந்தலை அலங்கரிக்க நந்தலாலைக் காந்தியடிகள் அழைத்தார். நந்தலால் ராஜா ராணிகளைத் தீட்டவில்லை. மேளக்காரர், உழவர், தச்சர், பாட்டுக்காரர் என்று கிராமத்து ஜனங்களைத் தீட்டினார்.

இப்படிப்பட்ட குருவிடம் படித்தவர் தேவி பிரசாத்.

யாழ்ப்பாணத் தமிழர் நடத்திய பள்ளி

1937-ல் வார்தாவில் ஒரு கல்வி மகாநாடு கூடியது. "பிள்ளைகள் கையால் ஒரு தொழில் செய்துகொண்டே படிக்க வேண்டும்" என்ற கருத்தைக் காந்தியடிகள் வெளியிட்டார். இதைத்தான் ஆதாரக் கல்வி என்று சொல்வார்கள்.

அதை நடத்த அடுத்த வருடம் ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் காரியதரிசி யார் தெரியுமா? ஒரு தமிழர்! யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம். அவர் மனைவி ஆஷா தேவி வங்காளப் பெண்மணி. இருவரும் முன்பு சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் வேலை பார்த்தவர்கள்.

இவர்கள் இருவரும் வார்தாவுக்கு அருகில் உள்ள சேவாகிராமத்தில் பள்ளியை நடத்தினார்கள். 1944-ல் தேவி பிரசாத் அங்கே சித்திர ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

நூல் நூற்கும் பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஏழைப் பிள்ளைக்கு வர்ணம் எதற்கு? இந்தக் கேள்வி இன்றும் நம் ஊரில் கேட்கும் கேள்விதான்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் சித்திரம் வேண்டும்" என்பதே தேவி பிரசாத்தின் பதில். ஓவியர் ஆகப்போகிற ஒன்றிரண்டு பிள்ளைகளுக்காக அவர் பாடம் நடத்தவில்லை. விவசாயி ஆகிறவனுக்கும், நெசவாளி ஆகிறவளுக்கும் கண்ணும் கையும் விழிக்க வேண்டும் என்றார். சித்திரம் கல்விக்கு அலங்காரம் அல்ல, அஸ்திவாரம் என்பது அவர் கொள்கை.

அவர் கண்ட உண்மை

பெரியவர்கள் சித்திரம் வேறு. பிள்ளைகள் சித்திரம் வேறு. இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பார் தேவி பிரசாத்.

இரண்டு வயதுப் பிள்ளை கிறுக்கும். அது விளையாட்டு அல்ல. கை பழகுகிறது. பிறகு ஒரு வட்டம் போடும். அதில் இரண்டு புள்ளி வைக்கும். "அம்மா" என்று சொல்லும்.

இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் பஸ் போடும். பஸ்ஸின் தகரத்தைத் தாண்டி, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாரும் தெரிவார்கள். பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் உள்ளே ஆள் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததைப் போடுகிறது.

அப்பாவை வீட்டைவிடப் பெரிதாகப் போடும். அது தப்புக் கணக்கு அல்ல. அந்தப் பிள்ளையின் மனதில் அப்பா அவ்வளவு பெரியவர்!

"இப்படிப் போடாதே" என்று நாம் ரப்பரால் அழிக்கிறோம். நாலு தடவை அழித்தால் ஐந்தாவது தடவை பிள்ளை என்ன செய்யும்? இரண்டு மலையும் சூரியனும் போட்டுவிடும். அதை யாரும் தப்பு என்று சொல்வது இல்லை அல்லவா?

இந்த எண்ணம் உலகத்தில் வேறு இடங்களிலும் எழுந்தது உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்தில் 1897-ல் பிரான்ஸ் சிஸெக் என்ற ஆசிரியர், பிள்ளைகளைத் தம் இஷ்டப்படி வரைய விடும் வகுப்பைத் தொடங்கினார். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ரீட் 1943-ல் கலை வழியாகக் கல்வி என்று ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அதே காரியத்தை ஓர் இந்தியக் கிராமத்தில், வசதி இல்லாத பள்ளிக்கூடத்தில் செய்து காட்டியவர் தேவி பிரசாத்.

சித்திரமும் சமாதானமும்

1962 வரை அவர் சேவாகிராமத்தில் இருந்தார். ஆதாரக் கல்விப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். பிறகு லண்டனுக்குப் போனார். உலக யுத்த எதிர்ப்பாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக 1972 வரை வேலை பார்த்தார். 1983-ல் தாய்நாடு திரும்பினார். மண்பாண்டம் வனைவதிலும் பெரிய கலைஞர் என்று பெயர் எடுத்தார். 2011-ல் டெல்லியில் காலமானார்.

சித்திர வாத்தியாருக்கும் யுத்த எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. கையால் ஒன்றைப் படைத்துச் சந்தோஷப்பட்ட பிள்ளைக்கு, அடித்து நொறுக்கும் ஆசை குறையும் என்று அவர் நம்பினார். தன் அனுபவத்தைக் குழந்தைக் கலை பற்றி ஒரு புத்தகமாக ஹிந்தியில் எழுதினார். 1998-ல் நேஷனல் புக் டிரஸ்ட் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது.

நாலு பெயர், ஒரே மாவு

இப்போது நம் ஸ்ரீபெரும்புதூர் வகுப்புக்குத் திரும்புவோம்.

"உங்கள் வீட்டு வாசலில் அம்மா என்ன போடுவார்?" என்று வாத்தியார் கேட்கட்டும்.

தமிழ்ப் பையன், "மாக்கோலம்" என்பான். அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவைக் கரைத்து விரலால் இழை இழுப்பது.

ஒடிசாப் பெண், "எங்கள் ஊரில் ஜோட்டி" என்பாள். மார்கசிர மாத வியாழக்கிழமைகளில் லட்சுமிக்காகப் போடுவது. லட்சுமியின் பாதமும் நெற்கதிரும் போடுவார்கள்.

மிதிலைப் பையன், "அரிபன்" என்பான். வங்காளப் பெண், "அல்பனா" என்பாள்.

நாலுக்கும் பெயர் வேறு. வடிவம் வேறு. ஆனால் மாவு ஒன்றே! நாலும் அரைத்த அரிசி மாவில் விரலால் போடுவது.

இதைப் பள்ளி வராந்தாவில் நாலு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், அன்றைக்கு யாரும் வெளியூர்ப் பிள்ளை அல்ல. பாஷை தெரியாத பெண்ணுக்கு அன்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்று இருக்கிறது.

செலவும் கிடையாது. அரிசி மாவு வீட்டில் இருக்கிறது. செம்மண், காவி, அடுப்புக்கரி எல்லாம் வர்ணமே. மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பு வரும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் தெரியும்.

பாடவேளை எங்கே?

ஆனால் இதற்கு ஆள் வேண்டும். நேரம் வேண்டும்.

2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஒரு விதி சொல்கிறது. 6 முதல் 8 வகுப்பு வரை உள்ள பள்ளியில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கு ஒரு பகுதி நேர ஆசிரியர் இருக்க வேண்டும்.

2012-ல் தமிழ்நாட்டு அரசாங்கப் பள்ளிகளுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர் இடங்கள் ஏற்பட்டன. சித்திரம், உடற்பயிற்சி, கைத்தொழில் எல்லாம் சேர்த்து இந்தக் கணக்கு. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் பல தடவை போராட்டம் நடத்தினார்கள்.

அரை நாள் வாத்தியாருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. பரீட்சை நெருங்கினால் முதலில் போவது சித்திரப் பாடவேளை. அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும்.

கணக்கு வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பாஷை தெரியாத பிள்ளை வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், அது பேசக்கூடிய ஒரே நேரத்தை எடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதற்காக வரும்?

பெற்றோர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் நடக்கும்போது நடக்கட்டும். வீட்டில் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

பிள்ளை கையில் ஒரு கரித்துண்டு கொடுங்கள். பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். "அழகாகப் போடு" என்று சொல்லாதீர்கள். நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

"இன்றைக்கு நீ என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரகடத்துப் பிள்ளையாக இருந்தால், விடியற்காலையில் ஆலை பஸ்ஸுக்காக ரோட்டிலே நிற்கும் அப்பாவைப் போடலாம். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். அப்பா பஸ்ஸைவிட உயரமாக இருப்பார்.

திருத்தாதீர்கள். அப்படியே சுவரில் ஒட்டுங்கள்.