தூங்கும் முன் ஒரு கதை

தூங்கப்போகும் நேரத்தில் வாசித்துக் காட்டும் கதை, சிறு குழந்தையின் சொல்வளத்தைப் பெருக்குகிறது. வீட்டுப் பேச்சில் "வா", "சாப்பிடு", "படு" என்பவையே திரும்பத் திரும்ப வரும். கதைப்புத்தகத்திலோ அரண்மனையும் ஒட்டகமும் கப்பலும் வந்துவிடுகின்றன. இலங்கையின் மலையகத்தில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளை கடலை முதலில் காண்பது அந்தப் புத்தகப் பக்கத்திலாகவும் இருக்கலாம்.

பகலெல்லாம் தாய் கொழுந்து பறிக்கும் மலையில். பிள்ளை, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில். இரவில் லயம் எனும் வரிசை வீட்டில், ஒரே கம்பளிக்குள் கிடைக்கும் பத்து நிமிடம் அதனாலேயே அருமையானது. படத்தில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டு, மழலையில் வரும் பதிலுக்குக் காத்திருந்து, பிறகே பக்கத்தைப் புரட்ட வேண்டும். விடாமல் வாசித்துக்கொண்டே போவதைவிட இந்தக் கேள்வியும் பதிலும்தான் பேச்சை நன்றாக வளர்க்கின்றன. கேட்ட கதையையே பிள்ளை மறுநாளும் கேட்டால் சலிக்காமல் வாசிக்கலாம். சொற்கள் மனதில் பதிவது அப்போதுதான். தினமும் ஒரே நேரத்தில் கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தூக்கமும் எளிதில் வரும்.

பிறந்தது முதலே வாசித்துக் காட்டலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. எழுத்தறியாத பாட்டியும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். தோட்டத்தில் காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் பார்த்து வளர்ந்தவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை.