குழை நறுக்கும் மெசினைப் பராமரிப்போம்

குழை தாழ்ப்பது எமது விவசாயிகளுக்குப் புதிய வித்தையல்ல. பூவரசு, வாதநாராயணி, ஆமணக்கு என்று வெட்டிவந்து தோட்டத்தில் தாழ்த்தியும், வேலியிலிருந்து கழித்த பழைய பனையோலையை வயலில் புதைத்தும் மண்ணைக் காத்தவர்கள் எம் முன்னோர். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பலரும் மீண்டும் குழையைத் தேடினர். அத்தடை அதே ஆண்டு நவம்பரில் நீங்கியது. ஆனாலும் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை நினைத்தால், குழையைக் கைவிடாதிருப்பதே புத்தி.

பெற்றோலில் ஓடும் குழை நறுக்கும் மெசின் இதற்கு நல்ல துணை. முழுத் தடியாகப் புதைத்தால் உக்க மாதக்கணக்காகும் சீமைக்கிளுவை, துண்டுகளாக நறுக்கினால் விரைவில் உக்கிவிடும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினால் போதும். ஆனால் பராமரிக்கத் தெரியாவிட்டால் அடுத்த மாரிக்குள் அது மூலையில் கிடக்கும்.

முதலில், உள்ளே போடும் பொருளைப் பாருங்கள். நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்துவிட்டுக் காணிக்குத் திரும்பும் குடும்பத்தை வரவேற்பது பற்றைக்காடுதான். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுவந்து வடமராட்சியில் தங்கியோர் இதை நன்கறிவர். அப்பற்றையை எரிக்காமல் நறுக்கினால் உரம். அதற்குள் துருப்பிடித்த முட்கம்பியும் வேலி ஆணியும் இருக்கலாம். மரத்தில் ஷெல் துண்டு பதிந்திருக்கலாம். அவற்றில் கத்தி பட்டு உடைந்தால் துண்டு சன்னம்போல் பாயும். ஒவ்வொரு கிளையையும் உதறிப் பார்த்தே போடுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணியில் பற்றை வெட்டவே இறங்காதீர்கள். சந்தேகமான பொருள் கண்ணிற்பட்டால் தொடாமல் வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

பனையோலையும் தென்னோலையும் நாராகி அச்சில் சுற்றிக்கொள்ளும். அவற்றைத் தனியே போடாமல் தடியோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். அடைத்துவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் கத்திச் சில்லு சிறிது நேரம் சுழலும். அது நின்றபின் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்துவிட்டே மூடியைத் திறக்கலாம். வயர் மாட்டியிருக்கையில் சில்லைக் கையால் திருப்பினால் எஞ்சின் ஒருமுறை வெடித்துச் சுழல இடமுண்டு. விரல் போக அந்த ஒரு சுற்றுப் போதும். தொங்கும் சாரமோ சேலைத் தலைப்போ மெசினுக்கு அருகே ஆகாது. கண்ணாடி அணியாமல் வேலை தொடங்கவேண்டாம்.

இனி எஞ்சின். ஐந்தரைக் குதிரைவலுவுள்ள பல எஞ்சின்கள் ஏறத்தாழ 0.6 லீற்றர் ஒயிலே பிடிக்கும். ஆகவே சிறிது குறைந்தாலும் அது பெரிய குறைவு. மெசினைச் சமதரையில் வைத்து, ஸ்ராட் செய்யுமுன் தினமும் ஒயில் பாருங்கள். புது மெசினில் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றவேண்டும். பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எமது செம்மண் புழுதியில் அதற்கு முன்னரே மாற்றுவது நல்லது. எயர் பில்டர் ஸ்பொஞ்சைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, சொட்டு ஒயிலில் பிசைந்து பிழிந்து மாட்டுங்கள். பிளக் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர்.

பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையே ஓட்டியவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இந்த மெசினில் வேண்டாம். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். மொத்தத் தடி வந்ததும் எஞ்சின் தட்டும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த நீரிறைக்கும் மெசின்கள் வேறு.

கத்தி மழுங்கினால் தடி நறுங்காது, நசியும், மெசின் அதிரும். தீட்டும்போது பழைய சரிவு மாறக்கூடாது. எல்லாக் கத்தியையும் ஒரே அளவாகத் தீட்டவேண்டும். ஒன்று பாரம் குறைந்தால் பெயாரிங் போய்விடும். கத்தியின் போல்ற்றுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ற்றைப் பூட்டுவது ஆபத்து.

வல்வெட்டித்துறையில் வாடைக்காற்றோடு உப்பும் வரும். வேலை முடிந்ததும் பச்சைச் சாற்றைத் துடைத்து, கத்திக்கு ஒயில் பூசி, கூரையின் கீழ் மூடிவையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓடாதென்றால் பெற்றோலை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓடவிடுங்கள். இல்லையேல் காபரேட்டரில் பிசின் பிடிக்கும்.

பொதுமெசினுக்குப் பொறுப்பாளர் ஒருவரே இருக்கட்டும். ஓடிய மணித்தியாலம், ஒயில் மாற்றிய திகதி, கத்தி தீட்டிய திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கொப்பியைப் பையிலிட்டு மெசினோடேயே கட்டிவிடுங்கள். வீட்டில் வைத்தால் அடுத்த வீட்டுக்கு மெசின் மட்டுமே போகும்.