எல்லை ஊர்களில் முதல் ஆயிரம் நாட்கள்

களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டியதும் பாறசாலை. அமரவிளை வழியே இன்னும் கொஞ்ச தூரம் போனால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. ஊர்கள் பிரிந்தன, குடும்பங்கள் பிரியவில்லை. மார்த்தாண்டத்துப் பெண் பாறசாலைக்கு வாழ வருவதும், செங்கல் ஊராட்சிப் பெண் குழித்துறைக்குப் போவதும் இன்றும் சாதாரணம். வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் மலையாளமும் கேட்டு வளரும் பிள்ளைகள் இங்கே ஏராளம்.

இந்தப் பிள்ளைகள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் இந்திய அளவில் 28 பேர், கேரளத்தில் 6 பேர். தாலுகா மருத்துவமனை பாறசாலையிலேயே இருக்கிறது. காரக்கோணத்தில், இமயமேறிய மருத்துவர் சோமர்வெல்லின் பெயரில் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. தடுப்பூசி, பிரசவம், எடை என எல்லாவற்றுக்கும் ஆளும் இடமும் உண்டு.

ஆகவே இங்கே அடுத்த கேள்வி கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பிழைத்த பிள்ளை எப்படி வளர்கிறது? அதன் மனம் எப்படி இருக்கிறது? அதைப் பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது? மூன்றும் ஒரே கேள்விதான் என்கிறது கடந்த ஐம்பது ஆண்டுகளின் ஆய்வு.

கரு உருவானது முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான காலத்தை முதல் ஆயிரம் நாட்கள் என்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்களுக்கிடையே நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உருவாகின்றன. எவை நிலைக்கும், எவை கழியும் என்பதைக் குழந்தையின் அன்றாட அனுபவமே பெருமளவு தீர்மானிக்கிறது. குழந்தை ‘ங்கா’ என்கிறது, அம்மா திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறாள். குழந்தை விளக்கைப் பார்க்கிறது, பாட்டா அதைக் காட்டிப் பேர் சொல்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மூளைக்கு உணவு.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் இதை ஒரு சிறு சோதனையால் காட்டினார். குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் மட்டும் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில மாதமே ஆன குழந்தை முதலில் சிரித்தும் கைகாலை ஆட்டியும் அவளை அழைக்கிறது. பதில் வராதபோது கலங்குகிறது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தாய் மறுபடி பேசியதும் பெரும்பாலான குழந்தைகள் மெல்லத் தேறிவிடுகின்றன. சில நிமிட மௌனம் கெடுதல் செய்வதில்லை. மாதக்கணக்கில் நீளும் மௌனம்தான் கவலைக்குரியது.

எல்லை ஊர்களின் பழைய வழக்கங்களில் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நல்ல இடம் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் கிழவி ‘என் மக்களே’ என்று பேசிக்கொண்டே இருப்பாள். ஆறு மாதம் முடிந்ததும் குன்னன் வாழைக்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சி, கதை சொல்லி ஊட்டுவார்கள். குளியலில் எண்ணெய் எவ்வளவு முக்கியமோ, அந்தப் பேச்சும் அவ்வளவு முக்கியம். குடும்பங்கள் சிறுத்து, பாட்டியும் வேலைக்குப் போகும் இந்நாளில், குளிப்பாட்டக் கூலிக்கு ஆள் கிடைக்கும். பேசிக் குளிப்பாட்ட நேரம் கிடைப்பது அரிது.

வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்று இந்த ஊர்களுக்கு மிக அருகிலேயே பிறந்தது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையத்தின் நிறுவனர் டாக்டர் எம்.கே.சி. நாயர். அவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டை 1991-இல் வெளியானது. பிறந்தது முதல் இரண்டு வயது வரை 17 படிகள். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, தனியாக நடப்பது, இரண்டு சொல் பேசுவது என்று வரிசை போகிறது. குழந்தையின் வயதுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்துபோன படி எதையாவது குழந்தை இன்னும் எட்டவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பேனாவும் சாவிக்கொத்தும் இருந்தால் போதும். சில நிமிடங்களில் அங்கன்வாடித் திண்ணையிலேயே முடித்துவிடலாம்.

இந்த அட்டை பின்தங்கிய குழந்தைகளில் ஏறக்குறைய மூவரில் இருவரையே பிடிக்கும் என்பதை அதை உருவாக்கியவர்களே அளந்து சொல்லியிருக்கிறார்கள். எனவே ஒருமுறை ‘சரி’ என்று வந்தாலும் பெற்றவர்களுக்கு மனதில் சந்தேகம் இருந்தால் மறுபடி காட்ட வேண்டும். ‘அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்’ என்று தள்ளிப்போடுவதால் விலைமதிப்பற்ற மாதங்கள் வீணாகின்றன.

பின்தங்கியிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதே மையத்தின் பதில் உண்டு. ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 800 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, வீட்டிலேயே தாய் செய்யக்கூடிய தூண்டல் பயிற்சி கற்றுக்கொடுக்கப்பட்டது. பார்க்க, கேட்க, தொட, அசைய வைக்கும் எளிய விளையாட்டுகள்தான் அவை. 2009-இல் வெளியான முடிவின்படி, ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். விலையுயர்ந்த பொம்மையோ இயந்திரமோ தேவைப்படவில்லை. ஒரு தாயும், அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும் தேவைப்பட்டார்கள்.

அந்தத் தாய் எழுந்து விளையாடும் நிலையில் இருக்கிறாளா?

பேறு முடிந்த சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். இரண்டு வாரத்துக்குள் அது தானே தெளிந்துவிடும். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தையைத் தொடவே தோன்றாமை, ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்ற எண்ணம் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கணக்கு, இது 22 சதவீதத் தாய்மாருக்கு வருகிறது என்றது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

வேலூர் அருகே காணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைப் பேற்றுக்கு முன்னும் பின்னும் பின்தொடர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு 2002-இல் வெளியானது. அது கண்ட காரணங்கள் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் புரியும். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், கைகொடுக்க ஆளில்லாமை. இவற்றில் மருந்துக் கடையில் தீர்வது எதுவும் இல்லை. கணவன் இரவில் குழந்தையைத் தோளில் போட்டு நடந்தால் தீர்வது உண்டு, மாமியார் ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டால் தீர்வதும் உண்டு.

நோயை அறியும் வழி எளிது. கடந்த ஏழு நாட்களின் மனநிலை பற்றிப் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-இல் உருவானது. தமிழ் வடிவமும் ஆய்வால் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கேரளத்தில் ‘அம்ம மனசு’ என்ற பேறுகால மனநலத் திட்டமும் இருக்கிறது. மருத்துவரின் மேற்பார்வையில், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உள்ளன. இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் கொள்வது போன்றவை ஆயிரத்தில் ஓரிருவருக்கே வரும். அது அவசர நிலை. மந்திரிக்கக் கூட்டிப் போகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனநல மருத்துவர் இல்லாத கிராமத்தில் என்ன வழி என்பதற்குப் பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதி விடை தந்தது. மருத்துவர் அத்திஃப் ரஹ்மானும் குழுவினரும் அங்கே கிராமச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கே மனச்சோர்வைப் பேசித் தணிக்கும் முறையைக் கற்பித்தார்கள். பேறு முடிந்த ஆறாம் மாதத்தில், இந்தப் பயிற்சி பெறாத ஊழியர் சந்தித்த தாய்மாரில் 53 சதவீதம் பேருக்கு நோய் நீடித்தது. பயிற்சி பெற்ற ஊழியர் சந்தித்தவர்களில் அது 23 சதவீதமே. 2008-இல் வெளியான இந்த முறை பின்னர் கோவாவிலும் சோதிக்கப்பட்டது.

பாறசாலையில் அந்த ஊழியர் என்றால் ஆஷா பணியாளர்தான். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் வந்து பார்ப்பது அவருடைய கடமை. பிறகு 3-ஆம் மாதம் முதல் 15-ஆம் மாதம் வரை ஐந்து முறை வர வேண்டும். தாயின் மனம் சரியும் காலமும் இதுவே. குழந்தையின் எடையைக் குறித்த கையோடு, தாயிடம் ‘நீ தூங்குறியா மக்களே?’ என்று உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் வேண்டும். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக உயர்த்தக் கோரி, 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்து போராடியவர்களும் இவர்களே. தாயைத் தாங்க வேண்டியவரை அரசு தாங்காமல் இந்த வேலை நடக்காது.

எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாறசாலையில் வாழும் பெண் பேறுகாலத்துக்கு விளவங்கோட்டுத் தாய்வீட்டுக்குப் போகிறாள். தமிழகப் பக்கத்தில் வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர். அங்கே கர்ப்பிணிகளின் பதிவு பிக்மி எண்ணில் நடக்கிறது, இங்கே வேறு முறை. குழந்தையோடு திரும்பி வரும் தாயை யார் எப்போது பார்த்தார்கள் என்பது இரு பக்கமும் தெரியாமல் போக இடமுண்டு. தாய் சேய் பாதுகாப்பு அட்டையைக் கையோடு கொண்டுபோய் இரு பக்கமும் எழுதி வாங்குவது குடும்பம் செய்யக்கூடியது. களியக்காவிளையின் இரு பக்கச் செவிலியரும் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லும் ஏற்பாடு இரு அரசுகளும் செய்ய வேண்டியது.

இரண்டு மொழியால் பேச்சு தாமதப்படும் என்ற பயமும் இங்கே கேட்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. குழந்தைக்குத் தெரிந்த சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவே. தாய் தனக்கு இயல்பான மொழியில் பேசட்டும். ஒரு வயதுக்குள் மழலையோ கைச்சாடையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, அல்லது கற்ற பேச்சு மறைந்துபோகிறது என்றால் மொழியைக் குறை சொல்லாமல் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1997 முதல் இதற்காகவே இயங்குகிறது.

சோறூட்டக் கைப்பேசியைக் காட்டும் வழக்கத்துக்கும் எல்லை வேண்டும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. திரை பேசும், குழந்தைக்குப் பதில் சொல்லாது.

சந்தேகம் வந்தால் முதலில் அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷாவிடமோ சொல்லலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகளில் காட்டலாம். தாய்க்கு மனம் சரியில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இலவசம். கேரளத்தின் திசா சுகாதார உதவி எண் 1056. தாய் தானே அழைக்கும் தெம்பில் இல்லாதபோது கணவனோ அம்மாவோ மாமியாரோ அழைக்கலாம்.