இலை வழியே ஓர் ஊட்டம்

இட்டலிக்கு உளுந்து ஊறப்போடாத வீடு தமிழ் நாட்டில் அரிது. உலகத்திலேயே மிகுதியாகப் பருப்பு விளைவிப்பதும் நமது தேசந்தான். அப்படியிருந்தும், விளைவது நமக்கே போதாமல் அயல் நாடுகளிலிருந்தும் தருவிக்கிறோம். இக்குறையைச் சிறிதேனும் தீர்க்கக் குடியானவர் கையிலேயே ஓர் எளிய உபாயம் இருக்கிறது.

காவிரிப் பாசன ஜில்லாக்களில் உளுந்தும் பச்சைப் பயறும் பயிராகும் விதமே அலாதியானது. சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னதாக, நெற்பயிர் நிற்கும்போதே ஈர வயலில் விதையைத் தூவிவிடுகிறார்கள். பிறகு உழவில்லை, பெரும்பாலும் பாசனமும் இல்லை. எஞ்சிய ஈரமும் பனியுமே ஆதாரம். உழாத நிலத்தில் உரத்தை எவ்வாறு இடுவது? இட்டாலும், காய்ந்துவரும் மண்ணிலிருந்து வேர் அதை எவ்வாறு ஏற்கும்?

மற்றொரு சங்கடமும் உண்டு. பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. காய் பிடித்து முற்றும் தருணத்திலோ இம்முடிச்சுகளின் சக்தி குன்றிவிடுகிறது. கல்யாணச் செலவு நெருங்கும்போது வரும்படி குறைந்த குடும்பத்தின் கதைதான்! பூக்கள் உதிர்கின்றன, மணிகள் திரளாமல் போகின்றன.

வேர் தர இயலாததை இலை வழியே தரலாம் என்பதே உபாயம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் இதற்கு நூற்றுக்கு 2 பங்கு டை அமோனியம் பாஸ்பேட் கரைசலைச் சிபார்சு செய்கிறார்கள். இயற்கை முறையை விரும்புவோர் நாடுவது பஞ்சகவ்யம். கொடுமுடி டாக்டர் நடராஜன் இதைப் பயிருக்கேற்ற ஊட்டமாக அமைத்துப் பரப்பினார். பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் இவற்றுடன் வெல்லம், இளநீர், வாழைப்பழம் சேர்த்து, தினமும் கலக்கிவிட்டு, சுமார் ஒரு மாதம் புளிக்க வைக்க வேண்டும். இதில் 300 மில்லியை 10 லிட்டர் நீரில் கலந்து, துணியில் வடிகட்டி, பூக்கும் சமயத்தில் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறு முறையும் தெளிக்க வேண்டும். காலையோ மாலையோ, வெயில் தணிந்த வேளையே தக்கது. உச்சி வெயிலில் துளிகள் உடனே உலர்ந்து வீணாகும். இலையின் இரு புறமும் நனைதல் நலம்.

ஆனால் இதை மந்திர தீர்த்தம் என்று நம்பிவிடலாகாது. இதிலுள்ள தழைச்சத்து முதலியவை அற்பமே. நுண்ணுயிர்களும் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களுமே இதன் பலத்துக்குக் காரணமெனக் கருதுகிறார்கள். எனவே, மண்ணுக்கு இட வேண்டிய தொழு உரத்துக்கு இது ஒருபோதும் ஈடாகாது.

இதில் பிறர் சொல்லை நம்புவதினும் தராசை நம்புவதே மேல். ஒரு மா நிலத்தில் தெளித்து, பக்கத்து மாவைத் தெளிக்காமல் விட்டு, இரண்டின் விளைவையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கட்டும். தெளித்த செலவையும் கணக்கில் கழிக்கட்டும். மிச்சம் நின்றால் மறு வருஷம் வயல் முழுவதும் தெளிக்கலாம். நிற்காவிடில் ஒரு மாவின் செலவோடு போயிற்று. கடன் வாங்கிப் பயிரிடும் ஏழைக் குடியானவருக்கு இதைவிடப் பத்திரமான பரீட்சை வேறில்லை.