அவதூறு வழக்கு: நக்கீரன் வகுத்த எல்லை

தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை 1994-இல் தொடராக வெளியிட நக்கீரன் இதழ் தயாரானது. உயர் அதிகாரிகள் சிலருக்குச் சங்கருடன் நெருங்கிய தொடர்பு இருந்தது என்று அது பேசியது. வெளியிட்டால் சட்ட நடவடிக்கை பாயும் என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

அந்த ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்பு தெளிவானது. அவதூறாக இருக்கும் என்று அஞ்சி, வெளிவருமுன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. வெளிவந்த பிறகு, பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் அரசுப் பணி தொடர்பான விமர்சனம் என்றால், செய்தி பொய் என்பதோடு, உண்மையைப் பற்றிய கவலையே இல்லாமல் எழுதப்பட்டது என்பதையும் அந்த அதிகாரி நிரூபிக்க வேண்டும். அரசு என்ற அமைப்பு நஷ்ட ஈடு கேட்கவே முடியாது.

சாதாரண குடிமக்களுக்கு இந்தக் கூடுதல் சுமை இல்லை. தன்னைக் குறித்த, மதிப்பைக் குலைக்கும் கூற்று மூன்றாம் நபரை எட்டியது என்று காட்டினால் போதும். அது உண்மை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. உண்மை என்று நிரூபணமானால் நஷ்ட ஈடு கிடையாது.

குற்றவியல் வழி வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அங்கே உண்மை மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

காலக்கெடு முக்கியம். அவதூறு வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் நஷ்ட ஈட்டு வழக்கைத் தொடுத்துவிட வேண்டும்.