வெயிலும் நெடுநடையும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையில் தொடங்கி வடக்கே யூட்டா மாநில எல்லை வரை நீளும் நடைபாதை ஒன்று உண்டு. அதன் நீளம் ஏறக்குறைய 1,290 கிலோமீட்டர். டேல் ஷீவால்டர் என்னும் பள்ளி ஆசிரியர் 1985-ஆம் ஆண்டில் நடந்து சென்று இதற்கு வழி கண்டார். 2009-இல் இது தேசிய நடைபாதைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

பிறர் உதவியின்றி, உணவையும் நீரையும் படுக்கையையும் தம் முதுகிலேயே சுமந்து இப்பாதையைக் கடப்போர் உளர். அவர்களுள் பெரும்பாலோர் கோடையைத் தவிர்த்து, இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோதான் புறப்படுகின்றனர். காரணம் எளிய கணக்கு ஒன்றே.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கடும் வெயிலில் நடப்பவரின் உடலிலிருந்து மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை வெளியேறுகிறது. அடுத்த நீர்நிலை எட்டு மணி நேரத் தொலைவில் இருப்பின் எட்டுக் கிலோ நீரைச் சுமந்தாக வேண்டும். அச்சுமையோ வியர்வையை இன்னும் பெருக்கும்!

இருக்கும் நீரைத் துளித்துளியாய்க் குடித்து மிச்சப்படுத்தினால் என்ன எனத் தோன்றலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் போர்வீரர்களை ஆராய்ந்த எட்வர்ட் அடால்ஃப் குழுவினர், 1947-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடையளித்தனர். குடிக்கும் நீரைக் குறைப்பதால் வியர்வை குறைவதில்லை. மிச்சப்படுத்த வேண்டியது நீரையன்று, வியர்வையையே. நிழலில் தங்குதல், இரவில் நடத்தல், உடலைத் தளர்ந்த ஆடையால் மூடுதல் ஆகியவையே அதற்கு வழி. மேலும், தாகம் தணிந்துவிட்டதாக உணரும் வேளையிலும் உடல் இழந்த நீர் முழுவதும் ஈடாகியிருப்பதில்லை என்றும் அவர்கள் கண்டனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உணவும் உப்புமின்றி வெறும் நீரையே அளவுமீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து, குழப்பமும் வலிப்பும் நேரிடலாம். இப்பாதை ஊடறுத்துச் செல்லும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் நடந்தோரிடம் மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்துள்ளனர். அங்கே கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் எனப் பூங்கா அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர்.

தொலைதூரத்து மலைப்பாதையின் இப்பாடம் நம் இல்லங்களுக்கும் உரியதே. ஹிஜ்ரி 1445, அதாவது 2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது புனித ஹரமில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸை எட்டியது. 1,301 பேர் உயிரிழந்தனர் என சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதியின்றி வந்து, தங்குமிடமும் வசதியும் இல்லாமல் நேர் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள்! மலைப்பாதையில் துணையின்றி நடப்பவராவது இளைஞராகவும் பயிற்சி பெற்றவராகவும் இருக்கக்கூடும். இவர்களுள்ளோ முதியவர்களும் நோயாளிகளும் இருந்தனர்.

எனவே, பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்பும் பிள்ளைகள் முறையான அனுமதியையும் தங்குமிடத்தையும் முதலில் உறுதிசெய்தல் வேண்டும். இஹ்ராம் அணிந்த ஆண்கள் தலையைத் துணியால் மூடலாகாது. குடை பிடிக்கத் தடையில்லை. நண்பகல் நடையைத் தவிர்த்து, நீருடன் உணவும் உட்கொள்ளச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் நீரின் அளவையும் உப்பின் அளவையும் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

உடன் வருபவர் தடுமாறினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ அது வெறும் களைப்பன்று. வெப்பத் தாக்கின் அறிகுறி. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். மருத்துவ உதவியை அழையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டாதீர்கள். அந்தச் சில நிமிடங்களே உயிரைக் காக்கும்.