உருவம் நீங்கிய தீனார்

தங்கம். எடை சுமார் 4.25 கிராம். ஹிஜ்ரி 77 (கி.பி. 696–697). உமையா ஆட்சி.

நபிகள் நாயகம் கி.பி. 632-இல் மறைந்தார். அடுத்த பத்தாண்டுகளில் சிரியாவும் எகிப்தும் பைசாந்தியரிடமிருந்தும், ஈராக் சாசானியப் பாரசீகரிடமிருந்தும் முஸ்லிம்கள் வசமாயின. ஆட்சி மாறியும் நாணயம் மாறவில்லை. மேற்கே சிலுவை பொறித்த பைசாந்தியத் தங்கக் காசும், கிழக்கே அரசர் தலையும் அக்கினி மேடையும் கொண்ட சாசானிய வெள்ளிக் காசும் புழங்கின. அவற்றைப் பார்த்து அடித்த காசுகளும் உடன் உலவின.

எருசலேமில் பாறைக் குவிமாடத்தைக் கட்டுவித்த கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சி 685–705) இந்நிலையை மாற்றினார். ஹிஜ்ரி 74 முதல் அவர் வெளியிட்ட தீனாரில், வாளில் கைவைத்து நிற்கும் கலீஃபாவின் உருவம் இருந்தது. ஹிஜ்ரி 77-இல் அதுவும் நீக்கப்பட்டது.

இக்காசில் இருப்பது எழுத்து மட்டுமே. ஒரு பக்கத்தின் நடுவே இறைவன் ஒருவனே என்னும் உறுதிமொழி, கோணங்கள் மிகுந்த கூஃபி எழுத்தில் மூன்று வரிகளாக உள்ளது. மறுபக்க நடுவில் குர்ஆனின் 112-ஆம் அத்தியாய வசனங்கள். அவற்றைச் சுற்றி விளிம்பில், காசு அடித்த ஆண்டு எண்ணாக அன்றிச் சொற்களால் பொறிக்கப்பட்டுள்ளது.

ஓரிரு ஆண்டுகளில் வெள்ளித் திர்ஹமும் உருவத்தைக் கைவிட்டது. 750-இல் உமையா ஆட்சி முடியும்வரை தீனாரின் அமைப்பு பெரிதாக மாறவில்லை.